நான்கும் மூன்றும் ஏழு

கைவினை அட்டை செய்பவர்கள் தடிமனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் அட்டை முதலில் நைந்துபோவது மூலையில்தான். ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டுக்கு இது இன்னும் பொருந்தும். 1997இல் சூரிச்சில் கலைஞர் வான்சி ஸ்டிர்னெமான் தொடங்கிவைத்த நாள் முதல் அந்த 64க்கு 89 மி.மீ. அட்டைகளை விற்பதில்லை, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். கைமாறக் கைமாற மூலை மடங்கும், அடுக்குகள் பிரியும். லேமினேஷன் உரியத் தொடங்குவதும் அங்கேதான். மூலையை வளைவாக வெட்டிவிட்டால் அடி ஒரே புள்ளியில் விழாமல் பரவிவிடும்.

அதற்காகவே வாங்கிய மூன்று அளவு கார்னர் கட்டர் சில வாரங்களாக என் மேஜையில் இருக்கிறது. 4, 7, 10 மி.மீ. ஆரங்களுக்கு ஆளுக்கொரு வெட்டும் வாய்.

4 மி.மீ. வாய் அருமை. 300 ஜிஎஸ்எம் அட்டையில் வாட்டர்கலர் தீட்டி, மேலே வாஷி டேப் ஒட்டியிருந்தாலும் ஒரே அழுத்தில் பிசிறில்லாமல் வெட்டுகிறது. வெட்டியதும் விளிம்பில் ஃபெவிகாலை விரலால் மெலிதாகத் தடவிக் காயவிட்டால் அடுக்குகள் பிரியாது. மணி, பொத்தான் போன்ற மேடான அலங்காரங்களை அதற்குப் பிறகே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அட்டை வாய்க்குள் நுழையாது. 10 மி.மீ. வாய் இவ்வளவு சிறிய அட்டைக்குத் தேவையே இல்லை, ஓரத்து வேலைப்பாட்டைத் தின்றுவிடும்.

என் கோபமெல்லாம் 7 மி.மீ. வாய் மேல்தான். லேமினேட் செய்யும் அட்டையைச் சுற்றி 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விடுவது என் வழக்கம். அட்டையின் மூலை 4 என்றால், ஓரம் ஒரே அகலமாக வளைந்து வர வெளிமூலை 7 ஆக இருக்க வேண்டும். இந்தக் கருவியை வாங்கியதே அந்தக் கணக்குக்காகத்தான். அந்த வாயில்தான் வளைவு நேர்விளிம்போடு சேரும் இடத்தில் சின்னக் காது ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அட்டையை உறைக்குள் செருகும்போது அந்தக் காது மாட்டிக்கொள்கிறது, பிளாஸ்டிக் அங்கிருந்தே உரிகிறது. எந்த மூலையைக் காப்பாற்ற வாங்கினேனோ அதுவே முதலில் போகிறது.

காரணம் அட்டையை நிறுத்தும் பிளாஸ்டிக் சுவர். கட்டை விரலின் அழுத்தத்துக்கே அது நெகிழ்கிறது. இதே நிறுவனத்தின் பழைய ஒற்றை அளவுக் கட்டரில் சுவரும் உலோகம், வெட்டு இம்மி பிசகாது. அதை ஏன் கைவிட்டார்கள்?

குப்பைத் தட்டைக் கழற்றி, கருவியைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடைக் கண்ணால் பார்த்தபடி வெட்டினால் காது பெரும்பாலும் வருவதில்லை. லேமினேஷன் வேண்டாதவர்கள் 4 மி.மீ. வாய்க்காகவே தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் கடையிலேயே லேமினேட் துண்டு ஒன்றை 7இல் வெட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.