மருந்தீசர் ஊரும் நெல்லின் மருத்துவமும்

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் அமைந்த திருத்துறைப்பூண்டியின் இறைவன் பிறவி மருந்தீசர் என்று வழங்கப்பெறுவது, இவ்வட்டாரத்தார் பிணி என்னும் சொல்லை எத்துணை விரிந்த பொருளில் கொண்டனர் என்பதைக் காட்டும். பிறவியையே பிணியாகக் காணும் இச்சைவ நோக்கில் உடல்நோய் அதன் ஒரு கூறே.

சித்த மருத்துவமோ நலத்தை அளவாகக் காண்கிறது. இயக்கத்துக்குரிய வாதமும் வெப்பத்துக்குரிய பித்தமும் ஈரத்துக்குரிய ஐயமும் நாடியில் ஒன்று, அரை, கால் என்னும் விகிதத்தில் நிற்பதே நலம். அது பிறழ்வதே பிணி. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி (1798–1832) தன்வந்திரி மகாலில் பல்வேறு மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்களையும் கூட்டி, பயன் கண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாடல்களாக்கச் செய்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் அத்தொகுதி, மருந்தை நோயாளியிடம் கண்ட பயனால் மதிப்பிட்ட மரபுக்குச் சான்று.

ஏடறியாத வீட்டு மருத்துவத்தின் அளவுகோல் ஒத்துக்கொள்ளுதல் என்பதாகும். அதாவது, ஓர் உணவு நல்லதா என்று பொதுவாகக் கேளாமல், இந்த உடம்புக்கு, இந்தப் பருவத்தில் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பது. சூடு, குளிர்ச்சி, வாயு, பத்தியம் ஆகிய சொற்கள் யாவும் இக்கேள்வியைச் சுற்றியே வழங்குகின்றன. அம்மை கண்ட வீட்டில் தாளிப்பை நிறுத்தி, வேப்பிலை செருகி, நோய் இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் விடும் வழக்கத்தில் வழிபாடும் உணவு விதியும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன.

நெல்லே அரசாளும் இந்நாட்டில் அந்த ஒத்துக்கொள்ளுதல் நெல் வகைகளின் வழியே நுட்பம் பெற்றது. உழைப்பவர் வலிமைக்கு மாப்பிள்ளைச் சம்பா, கருவுற்றவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் பூங்கார், மருந்து நெல்லாகவே மதிக்கப்பட்ட கருங்குறுவை என ஆளுக்கேற்ற அரிசி இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.ஆர். 8 போன்ற குட்டை இரகங்கள் பரவிப் பஞ்ச அச்சத்தைப் போக்கின; அது சிறிய நன்மையன்று. எனினும் எல்லா உடம்புக்கும் ஒரே அரிசி என்றானபோது, வயல்களிலிருந்து விதைகள் மட்டுமன்றி அவற்றோடு பிணைந்த நல அறிவும் மறைந்தது.

இவ்விழப்பை உணர்ந்த உழவர் நெல் ஜெயராமன், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிநின்று 150-க்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகளைத் தேடித் திரட்டி, 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். நாட்டு நெல் நீரிழிவையே போக்கும் என்று இன்று சிலர் கூறுவது, ஒத்துக்கொள்ளுமா என்று ஆளுக்கு ஆள் கேட்ட மரபுக்கும் பொருந்தாது. தவிடு நீக்காத அரிசி மெல்லச் செரிக்குமெனினும், அதுவும் மாவுச்சத்தே, அளவறிந்து உண்ணவேண்டியதே. 2018-இல் ஜெயராமன் மறைந்தார். இரண்டு கிலோ விதை பெறும் உழவர் மறு ஆண்டில் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அம்முறையால் பூங்கார் மீண்டும் வயலுக்கும், வயலிலிருந்து பிள்ளை பெற்றவரின் கஞ்சிக்கும் வந்து சேர்ந்தது.