'ஸ்டோனர்' காட்டும் ஆசிரியப் பணி

ஆசிரியத் தொழிலில் ஒருவரை நிலைக்கச் செய்வது ஊதியமா, பதவி உயர்வா, அன்றித் தொழிலின்மீதுள்ள பற்றா என்னும் வினா, ஆசிரியர் கூடுமிடமெல்லாம் எழுவதுண்டு. இவ்வினாவைப் பல்கலைக் கழகச் சூழலில் வைத்துக் காட்டும் நாவல் ஒன்று உளது. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராய் இருந்த ஜான் வில்லியம்ஸ் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்டோனர்' என்பதே அது. முதலில் ஏறத்தாழ 2,000 படிகளே விற்பனையாயின. இந்நூற்றாண்டில் மறுபதிப்புப் பெற்ற பின்னரே பல மொழிகளிற் பரவிப் புகழடைந்தது.

உழவர் குடும்பத்திற் பிறந்த ஸ்டோனர், வேளாண்மை கற்க 1910-இல் மிசூரிப் பல்கலைக் கழகத்தில் சேர்கிறார். கட்டாயப் பாடமாக வந்த ஆங்கில இலக்கியம் அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிடுகிறது. அங்கேயே ஆசிரியராகிறார், 1956-இல் இறக்கும்வரை உதவிப் பேராசிரியர் நிலைக்குமேல் உயரவில்லை.

தகுதியற்ற மாணவன் ஒருவனைத் தேர்ச்சி பெறச் செய்ய ஸ்டோனர் மறுக்கிறார். அம்மாணவனை ஆதரித்த லோமாக்ஸ் துறைத் தலைவரானதும் பழிதீர்த்துக் கொள்கிறார். ஸ்டோனரின் வேலையைப் பறித்தாரில்லை. கால அட்டவணையை மாற்றினார், அவ்வளவே. உயர் வகுப்புகள் நீங்கின; தொடக்க மாணவர்க்குரிய கட்டுரைப் பயிற்சி வகுப்புகள், வாரத்தின் 6 நாட்களிலும் சிதறிய நேரங்களில் வந்து சேர்ந்தன.

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் உடனாய்வாளர் இருவரும், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியியலாளர், கணக்காளர்களை வினவி, 1959-இல் ஒரு நூல் வெளியிட்டனர். செய்யும் வேலை, அதிற் காணும் வெற்றி, பாராட்டு, பொறுப்பு, உயர்வு ஆகியவை நிறைவு தருவன. நிருவாக முறை, மேற்பார்வை, ஊதியம், பணிச்சூழல் ஆகியவை கெட்டால் மனக்குறை தருவன, செம்மையாயினும் தாமே நிறைவு தாரா என்பது அவர்கள் முடிபு.

இம்முடிபு ஸ்டோனரை ஓரளவே விளக்கும். உயர்வின்றியும் அவர் வேலையில் நிறைவு கண்டார் என்பது மெய். ஆயினும் நிருவாகம் வேறு, வேலை வேறு என்று பிரிக்கும் கோடு ஆசிரியர்க்குப் பொருந்தாது. யார்க்கு எதனைக் கற்பிப்பது என்பதே அவர் வேலை. அதனை வகுப்பது அட்டவணை. ஆதலின் அட்டவணையைத் தொட்டவர் வேலையின் உயிரையே தொட்டவராகிறார். ஸ்டோனர் விடுத்த மறுமொழியும் அவ்விடத்தினின்றே எழுகிறது: உயர் வகுப்புக்குரிய இடைக்கால இலக்கியத்தைத் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கத் தொடங்குகிறார், பழைய வகுப்புகள் மீள்கின்றன.

ஸ்டோனர் வாழ்ந்தது நல்வாழ்வே என வில்லியம்ஸ் பிற்காலத்திற் கூறினார். விரும்பியதைச் செய்தவர் என்ற அளவில் அது சரியே. ஆனால் இதனையே பிடித்துக்கொண்டு, 'தொண்டுள்ளம் இருந்தாற் போதும்' என ஆசிரியர்களின் வாயடைக்க முற்படுவோர்க்கு இந்நாவலே மறுப்பாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் உயர் வகுப்பு மாணவர் இழந்த பாடத்தை யார் ஈடுசெய்வது? வில்லியம்ஸ் இக்கேள்வியில் நின்று பாராதது குறையே. லோமாக்ஸைப் பெரிதும் பகைவராகவே தீட்டியிருத்தலால், தவறு மனிதரிடம் உள்ளதா, ஒருவர் கையில் அத்துணை அதிகாரம் தரும் முறையில் உள்ளதா என்பதும் தெளிவுறவில்லை.

பற்று என்பது ஆசிரியர் தம்முடன் கொணர்வது. அதனை வளர்ப்பதும் வாட்டுவதும் அட்டவணை வகுப்போர் கையிலும் உள்ளன. பள்ளியாயினும் பல்கலைக் கழகமாயினும், அப்பொறுப்பை ஏற்றோர் இந்நாவலை ஒருமுறை படித்தல் நலம்.