உறவினால் எழுந்த மதில்

கைப்பேசிச் செயலிகளைக் குறைகூறாதார் இன்று அரியர். "நம் விவரங்களையெல்லாம் திரட்டுகிறார்கள்" என்று வருந்துபவரே, மறுகணம் அச்செயலியைத் திறந்து, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய குரல் பதிவைக் கேட்கிறார். இது கண்டு, "மக்களுக்கு விழிப்பில்லை, சோம்பல் மிகுந்துவிட்டது" என எழுதுவோர் உளர். அவர்தம் கருத்து நமக்கு உடன்பாடன்று.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் புதிய விதிகளை அறிவித்தது. தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குடன் விவரங்கள் பகிரப்படுவதற்கு இசைய வேண்டும். இன்றேல் விலக வேண்டும் என்பதே அவற்றின் சாரம். மக்கள் கொதித்தனர். பலர் சிக்னல், டெலிகிராம் ஆகியவற்றை நாடினர். எனினும் பழைய செயலியை முற்றாகத் துறந்தோர் சிலரே. 2025 செப்டம்பர் இறுதியில், ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலியைப் பெரும் எண்ணிக்கையில் மக்கள் இறக்கிக்கொண்டனர். தமிழ்ப்பெயர் தாங்கிய செயலி முதலிடம் பெற்றது கண்டு நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவ்வேகமும் நெடுநாள் நீடிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் நம்மிடம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவையும் ஒருமுறை வேறொரு செயலிக்கு மாற்ற முயன்றோம். இளைஞர் வந்தனர், தாய்மார் சிலரும் வந்தனர். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளை அனுப்பியோர் வரவில்லை. விடுமுறை அறிவிப்பை இரண்டு இடங்களில் எழுத நேர்ந்தது. ஒரு மாதத்திற்குள் நாமே பழைய இடத்திற்குத் திரும்பினோம். அறியாமையால் திரும்பினோம் அல்லோம். மனிதர்கள் அங்கிருந்ததால் திரும்பினோம்.

நோயின் மூலம் இதுவே. ஒரு நிறுவனத்தின் தொலைபேசியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் தொலைபேசிக்குப் பேசலாம். 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில், எச்செயலியிலிருந்தும் எவ்வங்கிக் கணக்கிற்கும் பணம் செலுத்தலாம். ஆனால் நம் நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தி அரட்டைக்குச் செல்லாது. அரட்டையில் எழுதியது வாட்ஸ்அப்புக்கு வாராது. ஆகவே செயலியைத் துறப்பவர், செயலியை மட்டும் துறப்பதில்லை; உறவையும் ஊர்ச்செய்தியையும் துறக்கிறார். மதிலின் கற்கள் நம் உற்றார் உறவினரே. அதனை நிறுவனம் இலவசமாகவே எழுப்பிக்கொண்டது.

நம் மாவட்டத்து மலை இதற்கு ஓர் உவமை தரும். கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. காடு திருத்தியவர் மலைமக்கள். நிலத்தின்மீது அதிகாரம் ஜாகீர்தார்க்கு. அம்மக்கள் ஏன் மலையை விட்டு இறங்கிச் செல்லவில்லை என எவரேனும் வினவினால், அது பேதைமை. வீடும் சுற்றமும் முன்னோர் நினைவும் அங்கேயே இருந்தன. குடிகள் வெளியேறியதால் ஜாகீர் ஒழியவில்லை. 1976இல் அரசு அம்மலையை ஏற்றுக்கொண்ட பின்னரே ஒழிந்தது. மலைமக்களின் துயரையும் நம் கைப்பேசிக் குறையையும் ஒரே தட்டில் வைத்தோம் என எவரும் கருத வேண்டா. இருக்குமிடத்தில் உறவு இருக்குமாயின் தனிமனிதன் வெளியேறான் என்பதற்கே இவ்வுவமை.

அரபுச் சட்ட நூல்களில் வணிகப் படலத்தைப் பாடம் சொல்லும்போது 'கியார்' என்னும் சொல்லை விளக்குவோம். பேரம் முடிந்த பின்னும், உரிய காரணம் இருப்பின், வாங்கியவர் விலகிக்கொள்ளும் உரிமை அது. விலக வழியிருந்தால்தான் இசைவு மெய்யான இசைவு என்பதே அதனின்று நாம் பெறும் கருத்து. "இசைக, இன்றேல் விலகுக" எனும்போது, விலகினால் மகனின் குரலே கேளாது என்றால், அவ்விசைவுக்கு என்ன பொருள்? 2021ஆம் ஆண்டு விதிகளுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்திற்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் நன்று, ஆனால் அபராதம் வாயிலைத் திறவாது.

வாயிலைத் திறக்கும் வகையையும் நாம் அறிவோம். 2011 ஜனவரி முதல், எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் கிடைத்தது. எண் நம்முடையதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம், பெரிய செய்திச் செயலிகள் பிற செயலிகளுக்கும் வழிவிட வேண்டும் என்கிறது. அத்தகைய விதி நம் நாட்டிற்கும் வேண்டும்.

ஆகையால், செயலியைத் துறக்க இயலாத தாயைக் கடிந்துகொள்ளாதீர். அவர் சிறையை விரும்பினார் அல்லர், பிள்ளையை விரும்பினார். கடிந்துகொள்ள வேண்டியது, பிள்ளையின் அன்பையே பூட்டாக்கிய வணிகத்தை. கேட்க வேண்டியது, அப்பூட்டைத் திறக்கும் சட்டத்தை.