அவனீந்திரநாதரின் ஒட்டக ஓவியம்: பெயரும் பருவமும்

அவனீந்திரநாத தாகூர் (1871–1951) 1913ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஒட்டக ஓவியம் ஆங்கிலத்தில் 'ஜர்னீஸ் எண்ட்' என வழங்குகிறது. புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ள இச்சிற்றோவியத்தின் பெயரைத் தமிழில் 'யாத்திரையின் முடிவு' என்று தருவது பொருந்துமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா.

ஓவியத்தில் இருப்பது ஓர் ஒட்டகம் மட்டுமே. முன்னங்கால்கள் மடிந்துவிட்டன, பின்னுடல் இன்னும் உயர்ந்தே நிற்கிறது, சுமை முதுகைவிட்டு இறங்கவில்லை. ஓட்டி வந்தவன் காணப்படவில்லை. பின்னணியில் மங்கிய செம்மை தவிர வேறொன்றும் இல்லை.

திருப்பதியில் வாழ்வோர்க்கு 'யாத்திரை' என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நேர்ந்துகொண்டு புறப்படுவது அது. அதன் முடிவு தரிசனம். இவ்விலங்கிற்கு நேர்த்தியும் இல்லை, தரிசனமும் இல்லை. அச்சொல்லை இட்டவுடன் வீழ்ச்சி பேறாக மாறிவிடுகிறது. 'பயணம்' குற்றமற்றது, ஆயினும் சுவையற்றது. பழந்தமிழ்ச் 'செலவு' வழிச்செல்லுதலையும், இன்றைய வழக்கில் பொருள் கரைதலையும் குறிப்பது. இரண்டும் இவ்வோவியத்திற்கு வியக்கத்தக்கவாறு பொருந்தும். ஆனால் 'செலவின் முடிவு' என்று கண்டால் இன்றைய வாசகர் கணக்கேட்டைத்தான் நினைப்பார். நடந்து களைத்த உடலை உணர்த்தும் 'வழிநடை முடிவு' என்பதே தக்கதென எனக்குத் தோன்றுகிறது.

இனிப் பருவம். பாலைநிலத்து ஒட்டகம் என்றதும் கோடையே மனத்தில் எழும். எனினும் ஓவியத்தின் ஒளி கோடையொளி அன்று. 1903இல் கல்கத்தாவிற்கு வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ ஆகியோரின் தொடர்பால் அவனீந்திரர் நீர்க்கழுவல் முறையை உருவாக்கிக்கொண்டார். வண்ணம் தீட்டிய தாளை நீரில் அமிழ்த்தி, உலர்த்தி, மீண்டும் தீட்டுவது அம்முறை. விளிம்புகள் கரைய, உருவம் பனிமூட்டத்தினின்று வெளிப்படுவது போல் நிற்கும். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கியுள்ளதை இங்கு நினைவுகூரலாம். இதனைப் பின்பனிக்காலத்து மாலையாகக் காண்பதற்குத் தமிழ் இலக்கணம் இடந்தருகிறது. அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்றில் (245) பசித்த ஒட்டகம் எலும்பு தின்று பசியாறுவதும் ஒப்புநோக்கத்தக்கது. வேங்கடத்திற்கு அப்பாலுள்ள 'மொழிபெயர் தேயம்' நோக்கித் தலைவன் செல்வதைப் பாடியதும் அத்திணையே. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் சித்தூரில் இருந்துகொண்டு இத்தொடரை எளிதில் கடந்துபோக இயலாது. வெல்லம் ஏற்றிய வண்டிகளைப் பனிக்காலை மூட்டத்தில் இழுத்த மாடுகளைக் கண்டவர்க்கு இவ்வோவியம் அயலானதும் அன்று.

ஓவியத்தின் ஆறு அங்கங்களைப் பற்றி அவனீந்திரர் எழுதியுள்ளார். அவற்றுள் மூன்றாவதான 'பாவம்' மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருந்தொல்லை; தமிழ் எழுத்தில் அது தீவினையாகவும், இரக்கச் சொல்லாகவும் படிக்கப்படும். (ஒட்டகத்தைக் கண்டதும் "பாவம்!" என்பவரைத் திருத்தவும் மனம் வரவில்லை.) 'மெய்ப்பாடு' என்பதே நேரான சொல். அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் களன்கள் நான்கனுள் 'அசைவு' ஒன்று. தளர்ச்சி என்னும் அப்பொருளை மடிந்த முழங்கால்களே காட்டிவிடுகின்றன, முகக்குறிப்பு தேவைப்படவில்லை.

ஓவியரின் வாழ்க்கையைக் கொண்டு இதனை விளக்க முயல்வது வழக்கம். மகளைப் பிளேக் நோய்க்குப் பறிகொடுத்த துயரையே 1902ஆம் ஆண்டின் ஷாஜகான் ஓவியத்தில் வைத்ததாக அவரே கூறியுள்ளார். அவ்விளக்கத்தை ஒட்டகத்திற்கும் நீட்டுவது எளிது, நான் உடன்படேன். ஷாஜகானின் கண்களுக்கெதிரே தாஜ்மகால் இருக்கிறது. இங்கே நோக்குவதற்கு ஏதுமில்லை. கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் 1905 முதல் 1915 வரை துணைமுதல்வராயிருந்த அவர், அப்பணியின் இறுதியாண்டுகளில் இதனை வரைந்தார் என்பதற்கு மேல் வாழ்க்கைக் குறிப்பு இங்கு உதவுவதில்லை. முதுமையில் அவர் உதிர்ந்த மரத்துண்டுகளைத் திரட்டிப் பொம்மைகள் அமைத்தார். பயன் முடிந்து வீழ்ந்தவற்றின்பால் அவருக்கிருந்த கண்ணோட்டத்தை அப்பொம்மைகளோடு சேர்த்துக் காண்பது இதனினும் பயன்தரும்.