எச்சத் துவக்குகள்: சேகரிப்போர் எழுத்துப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பயன்பாடு நீங்கிய பொருள்கள் சுவைக்குரிய பொருள்களாக மாறுவது மனித நாகரிகத்தில் வழக்கமானதே. நாணயமும் தபால் முத்திரையும் பித்தளை விளக்கும் சுவர்க்கடிகாரமும் இவ்வாறு சேகரிப்போர் கைகளை அடைந்தவை. ஆயின், கொல்லுதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் இவ்வரிசையிற் சேரும்போது, அதனைப் பற்றிய எழுத்து எத்தகைய மொழியை மேற்கொள்கிறது, எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்னும் வினாக்கள் எழுகின்றன. படைகள் கழித்த துவக்குகளைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சேர்ப்பது ஐக்கிய அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. அதனை ஒட்டி விலைப்பட்டியல், விளம்பரம், கைந்நூல், ஆய்வுநூல் என விரிந்ததோர் எழுத்துத்துறையும் தோன்றியுள்ளது. அவ்வெழுத்தினை விமர்சன நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

இவ்வாராய்ச்சி திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரை நிலைக்களனாகக் கொள்கிறது. அதற்குக் காரணம் உண்டு. துவக்கைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கும் வாசகனுக்கும், துவக்குடன் வந்தோர் வாசலில் நின்ற நாள்களை நினைவிற் கொண்ட வாசகனுக்கும் ஒரே நூல் ஒரே பொருளைத் தருவதில்லை. ஓர் எழுத்தின் நிறைகுறைகளை அறிவதற்கு, அவ்வெழுத்து எதிர்பாராத வாசகனிடத்தில் அதனைக் கொடுத்துப் பார்ப்பது பயனுடைய முறையாகும்.

படைகள் கழித்த இத்துவக்குகளை உபரி என்றும் மிச்சம் என்றும் சொல்லலாம். எனினும் எச்சம் என்னும் சொல்லே சாலப் பொருந்துவது. தமிழ் இலக்கணத்தில் எச்சம் என்பது முடியாது நிற்கும் சொல். தன்னை முடித்துவைக்கும் மற்றொரு சொல்லை வேண்டி நிற்பது. 'சுட்ட' என்பது பெயரெச்சம். அது கொண்டு முடியும் பெயர்கள் அறுவகைப் பொருளன என நன்னூல் வகுக்கும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்பன அவை. இவ்வாறனுள் எவற்றைக் கொண்டு சேகரிப்போர் எழுத்து 'சுட்ட' என்னும் எச்சத்தை முடிக்கிறது, எவற்றை எஞ்ச விடுகிறது என நோக்குவதே இங்கு மேற்கொள்ளப்படும் அளவுகோலாகும்.

முதலில் இவ்வெழுத்தின் சிறப்பை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிரித்தானியப் பேரரசின் படைகள் ஏந்திய லீ-என்பீல்ட் துவக்கை எடுத்துக்கொள்ளலாம். 1895 இல் அறிமுகமாகி, 1907 இல் மூன்றாம் வகையாகத் திருத்தமுற்று, இரண்டாம் உலக மகாயுத்தத்தில் நான்காம் இலக்க வகையாகப் பெருந்தொகையில் வார்க்கப்பட்ட துவக்கு இது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் அறையுடையது; .303 அங்குலக் குழல் உடையது. 'திறீ நொட் திறீ' எனப் பாமரரும் இதனை அறிவர். எல்லா வகைகளும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் துவக்குகள் செய்யப்பட்டன என மதிப்பிடப்படுகிறது. அவுஸ்திரேலியரான இயன் ஸ்கெனர்ட்டன் 1993 இல் வெளியிட்ட பெருநூல் இத்துவக்கின் வகைகளையும் தொழிற்சாலைகளையும் முத்திரைகளையும் பகுத்துக் காட்டுகிறது. சாசனவியலாளர் ஒருவர் கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு அதன் காலத்தைக் கணிப்பது போலவே, துவக்கின் கைப்பிடியை அடுத்த இரும்பிற் பொறித்த அடையாளங்கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டும் இடமும் கணிக்கப்படுகின்றன.

கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலையின் துவக்குகள் இதற்குத் தக்க சான்று. பேரரசுக் காலத்தில் அங்கு செய்யப்பட்டவற்றில் முடியும் மன்னனின் பெயரெழுத்துகளும் பொறிக்கப்பட்டன. சுதந்திரத்தின் பின் செய்யப்பட்டவற்றில் முடி நீங்கி அசோகச் சிங்கங்கள் இடம்பெற்றன. 1962 இல் சீனாவுடன் மூண்ட போரின் பின் அதே வடிவமைப்பு 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கைக்குண்டு எறியப் பயன்பட்ட துவக்குகளின் மரம் பிளவாதிருக்கக் கம்பியாற் சுற்றப்பட்டது. ஆட்சி மாறியதையும் அயல்நாட்டுப் போரையும் தொழிலாளர் கைத்திறனையும் ஒரு முழ இரும்பிலும் மரத்திலும் வாசிக்கும் இத்திறன் இகழத்தக்கதன்று. அரச ஆவணங்கள் கவனியாது விட்ட பலவற்றைச் சேகரிப்போரின் பொறுமை காத்துள்ளது.

ஆயினும், இத்துவக்குகள் சேகரிப்போரை அடைந்தது அறிவுத் தேட்டத்தால் மட்டுமன்று, விலை மலிவாலுமாகும். அம்மலிவின் காரணத்தை அவ்வெழுத்து அரிதாகவே ஆராய்கிறது. 1945 இன் பின் ஐரோப்பிய அரசுகள் தானே குண்டேற்றும் புதிய துவக்குகளுக்கு மாறின. களஞ்சியங்களில் இலட்சக்கணக்கில் தேங்கிய பழையவற்றைக் காப்பது செலவு, அழிப்பதும் செலவு. விற்பது வருவாய். 1953 இல் சாமுவேல் கமிங்ஸ் என்பார் நிறுவிய கம்பனி இத்தேக்கத்தைக் கொள்முதல் செய்து, வேர்ஜீனியாவில் பொட்டோமக் ஆற்றுத் துறையான அலெக்சாந்திரியாவின் களஞ்சியங்களில் இறக்கியது. வரி செலுத்திய மக்கள் முழு விலை கொடுத்த ஆயுதம், இரும்பு விலைக்குச் சற்று மேலாகத் தபாலில் வீடுதேடி வந்தது. எனவே மலிவு என்பது பொருளின் குணமன்று. போர் செய்த அரசு தன் பொறுப்பைக் கைகழுவியதன் அளவு என்றே கொள்ளல் வேண்டும்.

இம்மலிவு 1963 இல் உலகறிய வெளிப்பட்டது. இத்தாலியின் தேர்ணி ஆயுதசாலையில் 1940 இல் செய்யப்பட்ட கார்க்கானோத் துவக்கொன்றை, தூரநோக்கி பொருத்தி 19.95 டொலருக்குச் சிக்காகோ விளையாட்டுப்பொருட் கடையொன்று தபால்வழி விற்றது. வாங்கியவன் பொய்ப்பெயர் கொடுத்திருந்தான். அவ்வாண்டு நவம்பர் 22 ஆம் நாள் டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி அத்துவக்காற் சுடப்பட்டார் என வாரன் ஆணைக்குழு 1964 இல் முடிவு செய்தது. இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், துவக்கிற் பொறித்திருந்த இலக்கமே அடுத்த நாளே புலனாய்வாளரை அக்கடையின் பதிவேட்டுக்கு இட்டுச் சென்றது. சேகரிப்போன் பெருமைக்காக வாசிக்கும் இலக்கத்தைப் புலனாய்வாளன் நீதிக்காக வாசித்தான். வாசிக்கும் முறை ஒன்றே. கேட்ட வினா வேறு. அறுவகைப் பொருளும் நிரம்பி எச்சம் முற்றுப்பெற்ற அரிய சந்தர்ப்பம் இது. கொல்லப்பட்டவர் ஒரு வல்லரசின் தலைவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இதன் பின் 1968 இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமியற்றித் தனியாருக்குத் தபால்வழித் துவக்கு விற்பதையும் படைத்துவக்குகளின் இறக்குமதியையும் தடைசெய்தது. 1984 இல் அரும்பொருள் எனக் கருதப்படும் பழைய துவக்குகளுக்கு விலக்களிக்கப்பட்டது. மூல அமைப்பு மாறாது 50 ஆண்டைக் கடந்த துவக்கு அந்நாட்டு விதிகளின்படி அரும்பொருளாக எண்ணப்படும். ஐம்பது ஆண்டு என்பது இரும்புக்குச் சிறுபொழுது. துயருற்ற குடும்பமொன்றுக்கு இரண்டு தலைமுறை. கருவி பழமையுறும் காலத்தைச் சட்டம் வரையறுக்கலாம். காயம் பழமையுறும் காலத்தை வரையறுக்கும் சட்டம் எங்கும் இல்லை.

இனி இவ்வெழுத்தின் சொல்லாட்சியை நோக்கலாம். 'இலக்கங்கள் ஒத்தது', 'சுடப்படாதது', 'களஞ்சிய மெழுகு நீங்காதது' என்பன விலையை உயர்த்தும் அடைமொழிகள். 'களம் கண்டது' என்பதும் விலையை உயர்த்தும். சுடாமையும் சிறப்பு, சுட்டமையும் சிறப்பு என இவ்வெழுத்து ஒரே மூச்சிற் கூறுவது முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் முரண்பாடில்லை. இரண்டிடத்தும் பேசப்படுவது கருவியின் நிலைமையே. சுடப்படாத துவக்கின் மரத்தில் கீறலில்லை. களம் கண்ட துவக்கின் கீறலுக்குக் கதையுண்டு. அக்கதையின் நாயகன் பெரும்பாலும் துவக்கை ஏந்தியவன். துவக்கின் மறுமுனையில் நின்றவனுக்கு அதில் இடமில்லை. இலக்கண மொழியிற் கூறின், கருவியும் அது செய்யப்பட்ட நிலமும் காலமும் நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. செய்பவன் சில வேளை சொல்லப்படுகிறான். செயப்படுபொருள் முற்றாகவே எஞ்சி நிற்கிறது.

'கழித்தது' என்னும் சொல்லும் ஐயத்துக்குரியது. வேர்ஜீனியாவில் அரும்பொருளாக விலைபோன .303, 2008 இல் மும்பாய்த் தாக்குதலின்போது காவலர் சிலரின் தோளில் இருந்தது. உத்தரப்பிரதேசக் காவற்படை அதற்கு விடைகொடுத்தது 2020 ஜனவரி 26 ஆம் நாளிலேதான். ஓரிடத்து எச்சம் பிறிதோரிடத்து நடப்பு என்பதை விலைப்பட்டியல்கள் உரைப்பதில்லை.

இப்பின்னணியில் லிங்கநகரின் வாசகனிடத்து இவ்வெழுத்தைக் கொண்டுவரின், அது எவ்வாறு வாசிக்கப்படும்? அவன் அறிந்த துறைமுகம் பிறர் போர்களின் எச்சங்களால் நிறைந்தது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்குக் குண்டு பொழிந்தன. அப்போரில் மூழ்கிய 'சகாயிங்' என்னும் கப்பலைக் கடற்படையினர் மீட்டு மிதக்கவைத்தது 2018 இலேயாம். பிரித்தானியக் கடற்படை 1957 இல் நீங்கியது. பிரெடெரிக் கோட்டையும் ஹூட் கோபுர அரும்பொருளகமும் இன்றும் பீரங்கிகளைக் காட்டி நிற்கின்றன.

ஆனால் துவக்கை வாங்கிச் சேர்க்கும் பொழுதுபோக்கு இம்மண்ணில் வேர்கொள்ள வழியில்லை. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். பயிர் காக்கும் கமக்காரனின் வேட்டைத் துவக்கும், காடோரக் கிராமங்களின் இடியனும், சட்டத்துக்குப் புறம்பான கட்டுத்துவக்குமே குடிமக்கள் அறிந்தவை. அவை விலங்கை நோக்கியவை. அவற்றை எவரும் அழகு பார்த்ததில்லை. படைத்துவக்கை இவ்வூரார் அறிந்தது சோதனைச் சாவடியிலும் சுற்றிவளைப்பிலுமாகும். 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தில், வெற்றுத் தோட்டா ஒன்று வளவிற் கிடப்பினும் அது ஐயத்துக்கு இடந்தரும் என அஞ்சிய வீடுகள் பல. அவ்வீடுகளில் தோட்டா நினைவுப்பொருளாதல் எங்ஙனம்?

2006 ஜனவரி 2 ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என முதலிற் கூறப்பட்டது. உடற்கூற்றுப் பரிசோதனையும் உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் எடுத்த ஒளிப்படங்களும் அவை சூட்டுக்காயங்கள் என்பதைக் காட்டின. அச்செய்தியாளரும் அதே மாதம் 24 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சான்றில்லை என 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். இங்கு நிலமும் காலமும் செயலும் தெரியும். செயப்படுபொருளாய் வீழ்ந்த ஐவரின் பெயரும் ஊரறியும். செய்பவன் எஞ்சி நிற்கிறான். சேகரிப்போர் எழுத்து எதனைச் சொல்லாது விடுகிறதோ அதுவே இவ்வூரில் துலக்கமாகத் தெரிகிறது. அவ்வெழுத்து எதில் வல்லதோ அதுவே இவ்வூருக்குக் கிட்டாமற் போயிற்று.

சேகரிப்போன் கொலைஞனல்லன், அவன் சட்டத்துக்கு அமைந்து பழைய இரும்பைப் பேணுபவன், அவன்மீது பிறர் குற்றத்தைச் சுமத்துதல் முறையோ என ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. குறை அவன் நுணுக்கத்தில் இல்லை. அந்நுணுக்கம் பாதிவழியில் நின்றுவிடுவதில் உள்ளது. திருகு ஆணியின் வடிவத்தைக்கூடப் பதிவு செய்யும் ஒரு மரபு, அத்துவக்கு எந்தப் படைக்கு வழங்கப்பட்டது, எந்த ஊரின்மீது நீட்டப்பட்டது, எவர் விற்க எவர் வாங்கினர் என்பவற்றையும் அதே கண்டிப்புடன் பதிவு செய்தல் இயலாததன்று. அவ்வாறு செய்யின் அது பொழுதுபோக்கு நிலையினின்று உயர்ந்து வரலாறாகும். செய்யாதவிடத்து அது அழகிய அட்டை கட்டிய விலைப்பட்டியலாகவே நின்றுவிடும்.

இஷாப்பூர்ச் சிங்கத்தையும் தேர்ணி இலக்கத்தையும் வாசித்தறிந்த கண்ணுக்கு இதனையும் வாசிக்கும் ஆற்றல் உண்டு. வாசிக்கும் விருப்பமே வேண்டப்படுவது. அது வரும்வரை, எத்துணை எண்ணெயிட்டுத் துடைக்கப்படினும், அத்துவக்குகள் முற்றுப்பெறாத எச்சங்களே. லிங்கநகரில் அவ்வெச்சத்தை முடிக்கும் பெயருக்காக இன்னும் காத்திருப்போர் உளர்.