பாட்டரிக்கு ஓய்வு உண்டா?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக உள்ளது. படகும் எஞ்சினும் ஓய்வெடுக்கின்றன. எஞ்சினைக் கிளப்பும் ஈய-அமில பாட்டரிக்கு மட்டும் ஓய்வில்லை. அதனுள் வேதிவினை நடந்துகொண்டே இருக்கிறது. நம்மிடையே வழங்கிவரும் அறிவுரைகள் பல இதை மறந்துவிடுகின்றன. அவற்றுள் மூன்றை இங்கு உரசிப் பார்ப்போம்.

ஒன்று: ‘சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும்.’ பழைய பாட்டரிகளின் மரப்பெட்டியில் அமிலம் கசிந்த காலத்துப் பேச்சு இது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி நல்ல மின்காப்புப் பொருள். உண்மையில் மின்சாரம் கசிவது பெட்டியின் மேற்புறத்தில் படியும் உப்பு ஈரத்தின் வழியாகத்தான். அடியில் பலகை போடுகிறவர்கள் மேலே துடைக்க மறந்துவிடுகிறார்கள்!

இரண்டு: ‘வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும்.’ போதாது. மெதுவாக ஓடும் எஞ்சின் தரும் மின்னோட்டம் குறைவு. மேலும், பாட்டரி நிரம்ப நிரம்ப அது ஏற்கும் மின்னோட்டமும் குறைகிறது. கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்பவே பல மணி நேரம் வேண்டும்.

மூன்று: ‘தடைக்காலம் முடிந்தபின் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.’ மூன்றிலும் கேடானது இதுவே. மின்னிறக்கத்தின்போது தகடுகளில் ஈய சல்பேட்டு நுண்படிகங்களாகப் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது பழைய பொருள்களாக மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு மின்னேற்றத்துக்கு எளிதில் மசியா. தகட்டின் அப்பகுதி வீண்தான்.

வெப்பமும் இதற்குத் துணைபோகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், தானாக நிகழும் மின்னிறக்கம் ஏறத்தாழ இருமடங்காகும். குளிர்நாட்டுக் கையேடுகள் அமிலம் உறைந்துபோவதைப் பற்றி எச்சரிக்கின்றன. அங்கு அது பொருந்தும். நமது தடைக்காலத்தின் நடுவிலோ அக்கினி நட்சத்திரம் வருகிறது!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அணைத்துவிட்டதாக நாம் நினைக்கும் கருவி ஒன்று 0.05 ஆம்பியர் மட்டுமே இழுத்தாலும், 61 நாட்களில் 0.05 × 24 × 61 = 73.2 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் என்ன மிஞ்சும்?

ஆகவே முழுவதும் சார்ஜ் ஏற்றிய பிறகு, எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, பாட்டரியை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். மூடி திறக்கும் வகையானால், தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். இரு வாரங்களுக்கு ஒருமுறை வோல்ட்மீட்டரால் அளந்து பாருங்கள். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்கு இறங்கினால் மீண்டும் ஏற்றுங்கள். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் பீடி நெருப்பும் கூடாது.

வோல்ட்மீட்டரின் விலை புதிய பாட்டரியின் விலையில் ஒரு சிறு பகுதிதான். நடுக்கடலில் எஞ்சின் கிளம்பாமல் தவிப்பதற்கோ விலையே இல்லை. அறிவுரை கூறுவோர் அதன் காரணத்தையும் சேர்த்துக் கூறினால், எந்த அறிவுரை காலாவதியானது என்பதைப் படகோட்டியே கண்டுகொள்வார்.