குன்றுக்கு நடை, கண்மாய்க்கு சைக்கிள்

மதுரையிலிருந்து ஒரு பகல் எங்காவது போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், "கொடைக்கானலா, சிறுமலையா?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஊரைச் சுற்றிப் படுத்துக்கிடக்கும் பாறைக்குன்றுகள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஆனைமலை என்றால் மேலூர் பேருந்தின் சன்னல் வழியே தெரிவது. நாகமலை என்றால் தேனி சாலையில் கூடவே வருவது. திருப்பரங்குன்றம் என்றால் கோயிலுக்குப் பின்னால் நிற்பது. இவை ஏறுவதற்கும் உரியவை என்ற நினைப்பு நம்மில் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. ஞாயிறு விடியலில் தேநீர்க் கடை வாசலில் ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்கள் நிற்கிறார்கள். கீழக்குயில்குடிப் படிகளில் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். கூடவே புகழ்ச்சியும் மிதமிஞ்சி வளர்ந்துவிட்டது. கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்தால் ஒவ்வொரு மொட்டைப் பாறையும் சொர்க்கம். அன்று புறக்கணித்தோம், இன்று கொஞ்சுகிறோம். நிறுத்துப் பார்ப்பதை மட்டும் இன்னும் செய்யவில்லை. இந்தக் குன்றுகளும் கண்மாய்க் கரைகளும் ஒரு பகலைச் செலவிடத் தகுந்தவைதானா?

மூன்று கேள்விகளை எடைக்கற்களாக வைத்துக்கொள்கிறேன். கால் வைக்கத் தடம் இருக்கிறதா? போய்ச் சேர்ந்த பின் கண்ணுக்கும் அறிவுக்கும் என்ன கிடைக்கிறது? அந்த இடத்தை யார் காக்கிறார்கள்? மூன்றாவது கேள்வி நடைக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். தீர்ப்பைத் திருப்பப்போவது அதுதான்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்டுவிடலாம், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. மலையேற்றம் என்று பெருமையடித்துக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை. பல குன்றுகளின் உச்சியை அரை மணி நேரத்தில் தொட்டுவிடலாம். சோலை இல்லை, மூடுபனி இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பாறை வெதுவெதுக்கும்; பதினொன்றுக்கு அது தோசைக்கல். வழிகாட்டும் அம்புக்குறிகள் அரிது. ஆடு மேய்ப்பவர்களின் ஒற்றையடிப் பாதைதான் பல இடங்களில் தடம். உயரத்தையும் குளிரையும் தேடுகிறவர் சிறுமலைக்கே போகட்டும். அந்தப் போட்டியில் மதுரைக் குன்றுகள் தோற்கின்றன.

அவை வெல்வது வேறு போட்டியில். கீழக்குயில்குடியை எடுத்துக்கொள்வோம். நகரின் மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுதூன்றிய ஆலமரம். ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே யானைமேல் வரும் எதிரியைச் சிங்கத்தின் மேலிருந்து தாக்கும் இயக்கி. இன்னொரு பக்கம் படியேறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறை முகப்பில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பலவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனிக்குக் கீழுள்ள வட்டெழுத்து, அதைச் செய்வித்தவர் அவருடைய தாயார் குணமதியார் என்கிறது. துறவியாகிப் போய்விட்ட மகனின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தாய் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்கிறாள். இன்னும் மேலே போனால், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் பாறைமேல் எஞ்சியிருக்கிறது. கட்டடம் போய்விட்டது, காற்று இருக்கிறது.

இவ்வளவையும் நிதானமாகப் பார்த்து இறங்க இரண்டரை மணி நேரம் போதும். வயதானவர்களும் பிள்ளைகளும் முதல் இரண்டு இடங்களுக்கு வந்துவிடலாம். குறைகளும் கண்ணில் படாமல் இல்லை. பாறையில் காதலர் பெயர்கள், ஒதுக்குப்புறத்தில் உடைந்த மதுப்புட்டிகள். பெண்களை அழைத்துப் போகிறவர் கழிப்பறையைப் பற்றி வீட்டிலேயே யோசித்துவிட வேண்டும். என்றாலும் தடம், பார்வை, காவல் மூன்றிலும் நடுத்தரத்துக்கு மேலே நிற்கும் குன்று இது. காவல் என்று இங்கே நான் சொல்வது வேலியை அல்ல. அய்யனாருக்குப் பொங்கல் வைக்க வருகிறவர்களும், ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் அந்த மலையின் வாசலில் எப்போதும் இருக்கிறார்கள்.

ஆனைமலையின் கதை நேர் எதிர். தூரத்திலிருந்து அதைப் போல ஒரு காட்சி மதுரையில் வேறில்லை. துதிக்கையை நீட்டிப் படுத்த யானை, வயலுக்கு நடுவில். கிட்டப் போகப் போக யானை கரைந்து பாறைச்சுவர் மட்டும் மிஞ்சுகிறது. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை, கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு அதைப் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரியோடு சேர்த்துச் சொல்கிறது. அவர் தொடங்கியதை முடித்துவைத்தவர் தம்பி மாறன் எயினன். சற்றுத் தள்ளி முருகனுக்குக் குடைந்த லாடன் கோயில். மேலே சமணச் சிற்பங்கள். படிக்க இவ்வளவு இருந்தும் நடக்க இடமில்லை. ஒத்தக்கடையின் வீடுகள் மலையின் காலடிவரை வந்துவிட்டன; மேலூர் சாலையின் இரைச்சல் மேலேவரை துரத்துகிறது. இந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் வந்தபோது சுற்றுப்புற ஊர்மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. மலை தப்பியது. ஆனால் நடைக்கான மலை என்று அதைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. ஒரு மணி நேரம் கோயில்களைப் பார்க்கலாம். யானையைப் பார்க்க வேண்டுமானால் விலகி நிற்க வேண்டும்.

வளத்தில் இரண்டையும் விஞ்சுவது மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியும் அதையொட்டிய மாங்குளம் மீனாட்சிபுரமும். அரிட்டாபட்டியில் குன்றும் கண்மாயும் மாறி மாறி வரும். ஒரு குடைவரைச் சிவன் கோயில், அதன் முகப்பில் தமிழகத்தில் அரிதான லகுலீசர் சிற்பம். வேறொரு குன்றில் மகாவீரரும் தமிழிக் கல்வெட்டும். தலைக்குமேல் வல்லூறும் இராசாளியும் வட்டமிடும். 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

மாங்குளத்துக் குன்று கடினமானது. முள்ளும் செங்குத்தும் உண்டு, நிழல் இல்லை. ஏறியவர்க்குக் கிடைப்பது கற்படுக்கைகளின் மேல், மழைநீர் வழிய வெட்டிய காடிக்கு அருகே, கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் பொறித்த எழுத்து. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்தார். அது தமிழ்தான் என்று 1924இல் நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை 1960களில் தெளிவாகப் படித்துக்காட்டியவர் ஐராவதம் மகாதேவன். வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவின் பெயரும் அங்கே உண்டு. பாட்டில் கேட்ட அரசர் பெயரைப் பாறையில் விரலுக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது வேறு அனுபவம். ஆனால் எச்சரிக்கை ஒன்று: விவரம் தெரிந்தவர் கூட இல்லாவிட்டால் அது வெறும் கீறல். வெயிலில் ஏறி ஒரு கீறலைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு இறங்கியவர்களும் இருக்கிறார்கள். முதல் முறை ஏறியபோது நானும் அவர்களில் ஒருவன்.

இந்த இடத்தில்தான் "பசுமை நடை"யை எடைபோட வேண்டியிருக்கிறது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய இந்தக் குழு 2010 முதல் ஞாயிறு காலைகளில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் பழைய தலங்களுக்கும் மக்களை அழைத்துப் போகிறது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டின் எதிரிலேயே நின்று விளக்குவார்கள். பிறகு மரத்தடியில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. மதுரையின் நடைக்கு ஒரு வடிவம் கொடுத்தது இதுதான், ஐயமில்லை. கீறலை எழுத்தாக்கியதும் இதுதான். அதன் வலிமையிலேயே ஓர் எல்லையும் இருக்கிறது. கூட்டம் பெரிதானால் மலையின் மௌனம் போய்விடுகிறது. பின்வரிசையில் இருப்பவருக்கு விளக்கம் கேட்பதில்லை. குழு வராத நாட்களில் அதே குன்று மறுபடி ஊமையாகிறது. ஒரு குழுவின் உழைப்பு ஒரு நகரத்தின் ஏற்பாட்டுக்கு ஈடாகாது. உள்ளூர்ப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் எந்த நாளிலும் எவரும் போய்க் கேட்கலாம். அந்த அடி இன்னும் வைக்கப்படவில்லை என்பதே என் குறை.

சைக்கிளுக்கு வருவோம். சமவெளி என்பதால் மதுரை சைக்கிளுக்கு ஏற்ற ஊர் என்பார்கள். பாதி உண்மை. நான்குவழிச் சாலையும் சுற்றுச்சாலையும் சைக்கிள்காரரை மனிதராகவே மதிப்பதில்லை. காற்றைக் கிழித்துப் போகும் லாரியின் பக்கத்தில் இயற்கையை ரசிக்க முடியாது. கோச்சடையிலிருந்து துவரிமான், மேலக்கால் வழியாகச் சோழவந்தான் போகும் சாலைதான் என் தேர்வு. போக மட்டும் இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். ஏற்றம் என்று சொல்ல ஏதும் இல்லை. தென்னந்தோப்பு, நெல்வயல், கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலின் ஈரக்குளிர்ச்சி சாலையில் போகிறவர் மேலும் படும். முல்லைப்பெரியாறு அணை 1895இல் வந்த பிறகு அந்தத் தண்ணீரும் சேர்ந்து வளர்த்த பசுமை இது.

இங்கும் இரண்டு குறைகள். வைகை பக்கத்திலேயே ஓடினாலும் பல இடங்களில் சீமைக்கருவேலம் மறைத்துவிடுகிறது; நகரை நெருங்க நெருங்க ஆறு சாக்கடையின் வாடையோடு வருகிறது. சாலை குறுகல், எட்டு மணிக்குப் பின் பேருந்துகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே கண்மாய்க் கரைகளையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. மழைக்காலம் முடிந்ததும் கலுங்கில் தண்ணீர் வழியும், பனைமர வரிசையின் கீழே மண்பாதை இறுகிக் கிடக்கும், கொக்குகள் எழுந்து அமரும். கியர் வைத்த விலையுயர்ந்த வண்டி தேவையே இல்லை. பஞ்சர் ஒட்டும் பொருளும் காற்றடிக்கும் பம்பும்தான் தேவை. கருவேல முள்ளுக்கு வண்டியின் விலை தெரியாது.

நடை மதுரைக்குப் புதிதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. சித்திரையில் அழகர் தம் மலையிலிருந்து வைகைக்கு இறங்கும்போது மண்டகப்படிதோறும் ஊரே கூட நடக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை. பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றத்தில் கிரிவலம். நடக்கிறவர்க்கு மோரும் பானகமும் கொடுப்பது இங்கே வழக்கம். மேற்கத்திய முறை மலையேற்றத்தை இரவல் வாங்கத் தேவையில்லாத ஊர் இது. விதிகளும் அந்த மலையேற்றத்துக்காகவே எழுதப்பட்டவை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுக்கு இணையப் பதிவைத் தொடங்கியது. வழிகாட்டியும் பதிவும் காட்டுக்கு அவசியம். நம் மொட்டைப் பாறைகளில் பெரும்பாலானவை காடு அல்ல. தொல்லியல் துறையும் வருவாய்த் துறையும் ஊர்க்கோயிலும் பங்குபோட்டுக் கொண்ட இடங்கள். எல்லோருக்கும் உரியது என்பதால் எவருக்கும் பொறுப்பில்லாமல் போகும் ஆபத்து அவற்றுக்கு உண்டு.

அந்த ஆபத்தின் முகத்தைக் கீழவளவில் பார்க்கலாம். சமணர் படுக்கைகள் உள்ள பஞ்சபாண்டவர் மலையைச் சுற்றிக் கிரானைட் குவாரிகள் தோண்டிய பள்ளங்கள். பயணிகள் போனால்தான் மலை காக்கப்படும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பயணிகள் போனால்தான் மலை கெடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு வாதத்தையும் அரிட்டாபட்டி தவிடுபொடியாக்கியது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தது. அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் இருந்தது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையைக் காத்தது நம்மைப் போல ஞாயிறு காலையில் வந்துபோகும் கால்கள் அல்ல. அங்கேயே விதைத்து, மேய்த்து, கும்பிட்டு வாழ்கிற கால்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. மதுரையின் குன்றுகளும் கரைகளும் ஒரு பகலைக் கேட்கத் தகுதியுள்ளவை. கார்த்திகை முடிந்து மாசி வரையிலான மாதங்களில், விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் நிழல் சேருகிறவர்க்கு மட்டும். முதல் முறை போகிறவர்க்குக் கீழக்குயில்குடி. வரலாற்றில் பசி உள்ளவர்க்கு, தெரிந்தவர் துணையோடு அரிட்டாபட்டியும் மாங்குளமும். சைக்கிளுக்குச் சோழவந்தான் சாலையும் நிறைந்த கண்மாயின் கரையும். ஆனைமலையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த வரிசை உயரத்தையோ அழகையோ கொண்டு போட்டதல்ல. ஊர் இன்னும் உரிமையோடு புழங்கும் குன்றே நல்ல நடைக்குன்று. ஊர் கைவிட்ட குன்றில் எவ்வளவு சிற்பம் இருந்தாலும் நடை பாதியில் கசந்துவிடும்.

அப்படியானால் அங்கே நாம் விருந்தாளிகள். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து, அடிவாரக் கடையில் ஒரு டீயாவது குடித்துவிட்டு வருவது, போகிற வீட்டில் எவரும் காட்டும் மரியாதைதான்.